படம் இல்லாத சுவரில் ஒரு கோடு

அம்மம்மாவின் வீட்டு ஹோலில் அம்மப்பாவின் படம் ஒன்று மாட்டியிருந்தது. சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, கண்ணாடிக்கு மேலே சந்தனமும் குங்குமமும் வைத்து, பிளாஸ்டிக் மாலையும் போட்ட படம். கீழே சின்னதாக ஒரு சிவப்பு பல்ப். அம்மப்பா தன் வாழ்நாளில் கோட் போட்டதே இல்லை. படத்தில் கோட் போட்டிருந்தார். அவரை எடுத்த ஒரேயொரு படம் அடையாள அட்டைக்காக எடுத்தது. அதை ஸ்டூடியோக்காரர் பெருப்பித்து, தோளுக்குக் கீழே இல்லாத உடம்பைக் கறுப்பு மையால் வரைந்து, கன்னத்துக்கும் உதட்டுக்கும் கொஞ்சம் நிறம் பூசிக் கொடுத்திருந்தார். அம்மம்மா காலையில் விளக்கேற்றும்போது அந்தக் கோட்டையும் சேர்த்துத்தான் கும்பிட்டார்.

இந்தப் படத்தை எந்த வகையில் சேர்ப்பது? அதில் புகைப்படம் இருக்கிறது, கோட்டோவியம் இருக்கிறது, வர்ணம் இருக்கிறது. கண்ணாடியின் மேல் வைத்த பொட்டு தினமும் புதிதாகிறது. மாலையும் பல்ப்பும் சேர்ந்து அந்தச் சுவர் மூலையையே தனி இடமாக்கிவிடுகின்றன. கலைப் பாடத்தில் இப்படி ஒரு இடத்தையே படைப்பாக அமைப்பதை நிறுவல் என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் காண்பியக் கலைக் கண்காட்சி வைத்தால் இன்றைக்கும் ஒருவராவது வந்து, "இதிலே ஓவியம் எங்கே?" என்று கேட்பார். அது நியாயமான கேள்வி, வெறும் அறியாமை என்று ஒதுக்கக்கூடாது. ஆனால் அதே மனிதரின் வீட்டு ஹோலில் பெரும்பாலும் ஒரு நிறுவல் இருக்கும், அதற்கு அவர் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

புகைப்படம், கோட்டோவியம், வர்ணம் மூன்றையும் ஒரே அறையில் வைக்கும் கலை எங்கள் ஊரில் எப்படி உருவானது என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். வெளிநாட்டில் பார்த்துப் பழகியது என்பது பாதிப் பதில். மிச்சப் பாதி எங்களுடைய ஸ்டூடியோக்களிலும், இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு வந்த றங்குப்பெட்டிகளிலும் இருக்கிறது.

முதலில் ஸ்டூடியோ. பிலிம் காலத்து ஸ்டூடியோவில் படம் எடுப்பவருக்கு வரையவும் தெரிந்திருக்க வேண்டும். நெகட்டிவ்வைப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும் சரிவான மேசையில் வைத்து, ஊசி போலச் சீவிய பென்சிலால் முகத்தின் பருவையும் சுருக்கத்தையும் மெல்ல மெல்ல நிரவுவார்கள். நெகட்டிவ்வில் பென்சில் கறுப்பாகத் தொட்ட இடம் படத்தில் வெளுப்பாக வரும். தலைகீழாக யோசித்துக்கொண்டே வரையும் வேலை அது. வர்ணப் பிலிம் பரவுவதற்கு முன்பு, கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் சாயத்தைப் பஞ்சிலும் தூரிகையிலும் தொட்டு நிறமேற்றினார்கள். கல்யாணப் படத்தில் கூறைச் சேலையின் சிவப்பு மட்டும் மற்றதைவிடத் தூக்கலாக நிற்பதை பழைய அல்பம் வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தச் சிவப்பு கமெராவில் பதிந்தது கிடையாது. ஒரு மனிதர் குனிந்திருந்து கையால் பூசியது.

படம் எடுக்க நிற்பவருக்குப் பின்னால் தொங்கும் திரையும் கையால் தீட்டியதுதான். மலை, அருவி, மாடிப்படி, தூணோடு ஒரு மாளிகை. நாடக மேடையில் தொங்கியதைப் போலவே ஸ்டூடியோவில் தொங்கியதையும் சீன் என்றே சொன்னார்கள். ஆக, தீட்டிய மாளிகைக்கு முன்னால் உண்மையான மனிதரை நிறுத்திப் படம் எடுத்து, அந்தப் படத்தின் மேல் மறுபடி தீட்டினார்கள். படத்துக்குள் ஓவியம், ஓவியத்துக்குள் படம். செத்துப்போன தகப்பனை மகளின் கல்யாணப் படத்தில் ஒட்டிச் சேர்த்துத் தருவதும் அதே கடையில்தான் நடந்தது. அதைப் பொய் என்று யாரும் சொன்னதில்லை. அவர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் அவரை நிற்கவைத்தார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் ஓவியம் தனியாக வளர்ந்தது. 1938இல் எஸ். ஆர். கனகசபை தொடங்கிய வின்சர் கலைக்கழகம், பிறகு குருநகரைச் சேர்ந்த அ. மாற்கு போன்ற ஆசிரியர்களின் உழைப்பு, இவையெல்லாம் யாழ்ப்பாணத்து நவீன ஓவியத்தின் அடிப்படை. நிலக்காட்சி, உருவப்படம், பிறகு கோடுகளைச் சுருக்கி வடிவங்களைத் திரித்த நவீன பாணி என்று அது நகர்ந்தது. ஆனால் ஓவியர்கள் ஸ்டூடியோக்காரரைத் தங்கள் ஆளாக நினைக்கவில்லை. ஸ்டூடியோக்காரரும் தன்னைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அந்த இரண்டு மேசைகளும் ஒன்றுசேரப் போர் வரவேண்டியிருந்தது. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. போரால் கலை வளர்ந்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனாலும் நடந்தது இதுதான்.

போர்க்காலத்தில் புகைப்படத்துக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் காரணம் விளங்கும். சுற்றிவளைப்பு நடந்த காலத்தில் வீட்டிலிருக்கும் படம் ஆபத்தானது. இயக்கத்துக்குப் போன பிள்ளையின் முகம் அல்பத்தில் இருந்தால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் பிரச்சினை. சில வீடுகளில் படத்தை எரித்தார்கள், சில வீடுகளில் போத்தலில் போட்டுப் புதைத்தார்கள், சில வீடுகளில் குடும்பப் படத்திலிருந்து அந்த ஒரு முகத்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். அப்படி வெட்டிய படம் ஒன்றை நானே கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஐந்து பேர் நிற்கிறார்கள், நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை. வெட்டிய கை நடுங்கியிருக்க வேண்டும், வட்டம் ஓரிடத்தில் பக்கத்தில் நின்றவரின் தோளுக்குள்ளும் போயிருக்கிறது. அந்தக் கத்தரிக்கோல் கோட்டைவிடக் கனமான ஒரு கோட்டை நான் எந்த ஓவியத்திலும் கண்டதில்லை.

அப்புறம் இடப்பெயர்வு. 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் எழும்பி ஓடினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களைச் சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995 ஒக்டோபர் 30 அன்று, வலிகாமமே வெறிச்சோடியது. 4 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். அந்த நேரத்தில் யார் அல்பத்தைத் தூக்கினார்கள்? காணி உறுதியை எடுத்தார்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்தார்கள், அரிசியையும் நகையையும் எடுத்தார்கள். சுவரில் தொங்கிய படம் சுவரிலேயே தொங்கியது. திரும்பி வந்தவர்களில் எத்தனையோ பேருக்குச் சுவரும் இருக்கவில்லை.

புகைப்படம் இல்லாமல் போன இடத்தில் கோடு வருகிறது. ஒரு வீட்டைப் படம் எடுத்து வைத்திருக்கவில்லை என்றால், அதை இன்னொருவருக்குக் காட்ட ஒரே வழி ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து, "இதுதான் படலை, இங்கே கிணறு, இதில் திரும்பினால் குசினி" என்று வரைவதுதான். எங்கள் ஊர்ச் சித்திரப் பாடத்தில் சராசரிப் புள்ளி எடுத்தவர்கள்கூட இடம்பெயர்ந்த பிறகு இப்படி வரைந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துச் சமகாலக் கலை இந்தக் கடதாசியிலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

அந்தக் கடதாசிக்கு உரிய மரியாதையைக் கொடுத்தவர் தா. சனாதனன். 1969இல் பிறந்தவர், மாற்கு மாஸ்டரிடம் பயின்றவர், டில்லியில் ஓவியம் படித்து வந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவர். 2011இல் ரேக்கிங் லீவ்ஸ் என்ற பதிப்பகத்துக்காக ஷர்மினி பெரேரா வெளியிட்ட, சனாதனனின் 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற படைப்பு புத்தக வடிவத்தில் இருக்கிறது. கையில் எடுத்தால் அரசாங்கக் கந்தோர்க் கோப்பு போலத் தெரியும்.

தோம்பு என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்து, காணியையும் வரியையும் பதிவு செய்யத் தொடங்கினார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தர் அதைத் தொடர்ந்தார்கள். அந்தப் பதிவேட்டுக்குத் தோம்பு என்று பெயர். இன்றைக்கும் பழைய உறுதிகளில் காணியின் பெயரைத் தோம்புப் பெயரோடு காணலாம். ஆளும் அரசு எழுதும் கணக்குக்கு இருந்த பெயரை எடுத்து, வீட்டை இழந்தவர்கள் எழுதும் கணக்குக்கு வைத்ததில்தான் அந்தப் படைப்பின் முதல் அடி விழுகிறது.

இடம்பெயர்ந்த 80 பேர், தமிழரும் முஸ்லிம்களும், தாங்கள் விட்டு வந்த வீட்டை நினைவிலிருந்து தரைப்படமாக வரைந்து கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னதும் சுருக்கமாகச் சேர்ந்திருக்கிறது. அதே வீட்டை ஒரு கட்டடக்கலைஞர் அளவுக்கோலோடு முறைப்படி மறுபடி வரைந்திருக்கிறார். மூன்றாவதாகச் சனாதனன் அந்தக் கதையைக் கேட்டு உலர் பேஸ்டலில் தன் சித்திரத்தை வரைந்திருக்கிறார். ஒரே வீடு மூன்று கைகளில்.

பக்கங்களைப் புரட்டிப் பார்க்கும்போது எனக்குத் தலை சுற்றியது முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவில்தான். வீட்டுக்காரர் வரைந்ததில் அளவு சரியாக இருக்காது. மனதுக்கு நெருக்கமான மூலை பெருத்திருக்கும், மற்றது சுருங்கியிருக்கும். எங்கள் அம்மாவை வரையச் சொன்னால் கிணற்றடி முழு வீட்டையும்விடப் பெரிதாக வந்துவிடும். கட்டடக்கலைஞர் அதை நேராக்கிவிடுகிறார். நேராக்கியதும் அது கட்டக்கூடிய வீடாகிவிடுகிறது, பாங்கில் கடனுக்குக் கொடுக்கக்கூடிய பிளானாகிவிடுகிறது. ஆனால் அந்த வீட்டுக்குள் வாழ்ந்தவர் வெளியே போய்விடுகிறார். பிறகு பேஸ்டல் வருகிறது. பேஸ்டல் விரலில் ஒட்டும், தேய்த்தால் கலையும், ஓரங்கள் மங்கும். கட்டடக்கலைஞரின் பேனாவால் சொல்ல முடியாததை அந்தத் தூள் சொல்கிறது. ஒரு ஊடகம் எங்கே நின்றுவிடுகிறதோ அங்கே அடுத்தது தொடங்குகிறது. மூன்றும் ஒன்றுக்கொன்று அலங்காரமாக நிற்கவில்லை, ஒன்றின் குறையை இன்னொன்று தாங்குகிறது.

கவனித்தால், அந்தப் படைப்பின் நடுவே புகைப்படம் இல்லை. எடுத்த படங்கள் இல்லை என்பதால்தான் 80 பேரும் வரைய வேண்டியிருந்தது. புகைப்படத்தை மற்ற ஊடகங்களோடு சேர்க்கும் கலையைப் பற்றிப் பேசும்போது இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், யாழ்ப்பாணத்தில் புகைப்படம் இப்படித்தான் ஒரு படைப்புக்குள் வரும், பல நேரம் தன் இல்லாமையால்.

தோம்புக்கு முன்பே சனாதனன் பொருட்களைக் கொண்டு வேலை செய்திருந்தார். 2004இல், போர்நிறுத்த காலத்தில், யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 'அகம் புறம்' என்ற கண்காட்சி நடந்தது. 1981 யூன் 1 அன்று விடியுமுன் எரிந்து 97,000 அளவிலான நூல்களும் ஏடுகளும் சாம்பலான அதே கட்டடம், மறுபடி வெள்ளையடித்து நின்றது. அங்கே சனாதனன் யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து திரட்டிய சிறு பொருட்களை வைத்து 'வரலாறுகளின் வரலாறு' என்ற நிறுவலைச் செய்தார். புத்தகம் எரிந்த வீட்டில் பொருளை வைப்பது சின்ன விசயம் கிடையாது. நூலகம் என்பது எழுதிய வரலாற்றின் இடம். ஒரு வீட்டுக்காரர் எடுத்து வைத்திருந்த துண்டுக்கு அந்த இடத்தில் ஒரு இருக்கை கிடைத்தது. பின்னர் கனடாவின் வன்கூவரிலுள்ள மானிடவியல் அருங்காட்சியகத்துக்கும் இதே பாதையில் ஒரு படைப்பைச் செய்தார், அங்கே வாழும் தமிழர்கள் கொடுத்த பொருட்களைக் கொண்டு.

2016இல் கேரளத்தின் கொச்சி முசிறிஸ் பியன்னாலே என்ற ஈராண்டுக் கலைக் கண்காட்சியில் அவர் வைத்தது 'எதிர்ப்பின் அலுமாரி'. கணினி வருவதற்கு முன் நூலகங்களில் சின்னச் சின்ன இழுப்பறைகளோடு அட்டவணை அட்டைகள் அடுக்கிய மர அலுமாரி இருக்குமே, அதே வடிவம். பார்ப்பவர் இழுப்பறையை இழுத்து, குனிந்து, அட்டையைத் தள்ளித் தள்ளி, போரின் நடுவே சாதாரண மக்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்ற கதைகளைப் படிக்க வேண்டும். பொருளாதாரத் தடையில் வாழ்ந்தவர்களுக்கு இந்த உலகம் புதிதில்லை. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலுக்குள் துணித்திரியைத் தொங்கவிட்ட விளக்கில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். இதையெல்லாம் கதையாகச் சொன்னால் பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போவார்கள். அலுமாரியின் இழுப்பறைக்குள் அட்டையாக வைத்தால் அதைத் தேடிக் குனிய வேண்டியிருக்கிறது. அந்தக் குனிவுதான் நிறுவல் கலை பார்ப்பவரிடம் வாங்குவது. சுவரில் மாட்டிய ஓவியத்துக்கு முன்னால் நின்றபடியே பார்க்கலாம். நிறுவலுக்குள் உடம்பும் வரவேண்டும்.

தெற்கிலும் இந்தியாவிலும் இதே காலத்தில் என்ன நடந்தது என்பதைத் தொட்டுவிட்டுப் போகிறேன். 1997இல் சந்திரகுப்த தேனுவர சோதனைச் சாவடிகளில் நின்ற தகரப் பீப்பாய்களையே தன் கலையின் பொருளாக எடுத்து, பெரல், அதாவது பீப்பாய் என்ற சொல்லிலிருந்து அதற்கு பெரலிசம் என்று பெயரும் வைத்தார். எங்களுக்கு அந்தப் பீப்பாயின் அர்த்தம் வேறு. அதன் அந்தப் பக்கம் நின்றவர்கள் நாங்கள். ஆனால் கொழும்பில் ஒரு சிங்களக் கலைஞர் அதைப் பார்த்துச் சங்கடப்பட்டார் என்பது முக்கியமான விசயம். இலங்கைக் கலைஞர் அனோலி பெரேரா பழைய ஸ்டூடியோ உருவப்படங்களின் பாணியில் பெண்களை உட்காரவைத்து, முகத்தைக் கூந்தலால் மறைத்துப் படம் எடுத்தார். டில்லியில் விவான் சுந்தரம், 1992-93 பம்பாய்க் கலவரத்தில் தெருவில் கிடந்த ஒருவரின் உடலைக் காட்டிய ஒரு பத்திரிகைப் படத்தை மையமாக வைத்து, அதைச் சுற்றி 'நினைவிடம்' என்று ஒரு முழு அறையையே கட்டினார். அந்தப் படத்தின் மேல் ஆணி அடித்தார், படத்தை மூடிக் காத்தார், அந்த முகம் தெரியாத மனிதருக்கு ஒரு கல்லறையைச் செய்தார். பத்திரிகையில் ஒரு நாள் வந்து மறுநாள் சுண்டல் சுற்றப் போகும் படம் அது. சாதாரணமாகப் பார்த்துவிட்டுத் தாண்டும் படத்துக்கு முன்னால் ஆளை நிறுத்திவைக்க, கை வேலை தேவைப்படுகிறது. அடிக்கிற ஆணியும் இழுக்கிற கோடும் பூசுகிற வர்ணமும் நேரத்தைக் கேட்பவை. கமெரா ஒரு கணத்தில் எடுத்ததற்கு அந்த நேரத்தைக் கை திருப்பிக் கொடுக்கிறது.

எங்கள் பக்கத்தில் இப்போது மிகப் பாரமான புகைப்படங்கள் எந்தக் காட்சிக்கூடத்திலும் இல்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டமாக உட்கார்ந்தார்கள். பிறகு வவுனியா, முல்லைத்தீவு, மருதங்கேணி, திருகோணமலை என்று கொட்டகைகள் எழுந்தன. அந்தக் கொட்டகைகளின் உட்சுவர் முழுவதும் படங்கள். பாடசாலைப் படம், கடவுச்சீட்டுப் படம், யாரோ ஒருவரின் கல்யாணத்தில் ஓரமாக நின்றதிலிருந்து வெட்டிப் பெருப்பித்த படம். லமினேற் பண்ணி, பெயரும் திகதியும் ஒட்டி, கையில் பிடித்துப் பிடித்து மூலைகள் மடிந்த படங்கள். வெயிலில் வருடக்கணக்காகத் தொங்கியதில் நீலமும் மஞ்சளும் மட்டும் மிஞ்சிய முகங்கள். மாலை இல்லை, பொட்டு இல்லை. மாலை போட்டால் அவர் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மாலை போடாமல் விடுவதே அங்கே ஒரு சொல்.

அதைக் கலை என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த அம்மாக்கள் பிள்ளையைக் கேட்கிறார்கள், படைப்பைக் காட்டவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் முகத்தைக் கொண்டு வேலை செய்யும் எந்தக் கலைஞரும் அந்தக் கொட்டகையைத் தாண்டிப் போக முடியாது. ஒரு மகனின் படத்தை வாங்கிப் பெரிதாக அச்சடித்து, மேலே வர்ணம் பூசி, கொழும்பிலோ இலண்டனிலோ தொங்கவிடுவது கையால் செய்யச் சுலபமான வேலை. அதை யாரைக் கேட்டுச் செய்தோம், அந்தத் தாய் வந்து பார்த்தால் என்ன சொல்வார் என்ற கேள்விதான் கடினம். படத்துக்குரியவர்களின் சம்மதத்தை ஒரு கையெழுத்தோடு முடிந்த காரியமாக நினைக்கும் வேலைகளை நான் பார்த்திருக்கிறேன், பார்த்துக் கவலைப்பட்டிருக்கிறேன். தோம்பில் 80 பேரும் தாங்களே பென்சிலைப் பிடித்தார்கள் என்பது அதனால்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கலைஞர் கேட்டார், அவர்கள் வரைந்தார்கள், பிறகுதான் அவர் வரைந்தார். அந்த வரிசையில் ஒரு மரியாதை இருக்கிறது.

அடுத்த தலைமுறை கோட்டைத்தான் கூடுதலாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1990இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜாஸ்மின் நிலானி ஜோசப் பேனாவால் வேலிகளை வரைகிறார். கிடுகு, கதியால், முள்ளுக்கம்பி, தகரம். யாழ்ப்பாணத்தில் ஒரு வேலியைப் பார்த்தே அந்தக் காணியின் கதையைச் சொல்லலாம். கிடுகு வேலி இருந்த இடத்தில் தகரம் நின்றால் ஆமி இருந்தது, அல்லது இன்னும் இருக்கிறது. கதியால் வளர்ந்து மரமாகிவிட்டதென்றால் வீட்டுக்காரர் பல வருடமாக வரவில்லை. அந்தப் பேனாக் கோடுகளை நுணுக்கமாகப் பார்க்கும்போது, ஸ்டூடியோக்காரர் நெகட்டிவ்வின் மேல் குனிந்திருந்த அதே பொறுமை தெரிகிறது.

இந்த வேலைகள் எங்கே காட்டப்படுகின்றன என்பதும் அவற்றின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. யாழ்ப்பாணத்தில் குளிரூட்டிய பெரிய காட்சிக்கூடம் என்று எதுவும் இந்தக் கலைக்காக வளரவில்லை. நூலக மண்டபம், பல்கலைக்கழக அறை, பழைய நாற்சார் வீடு, இவைதான் கிடைத்த இடங்கள். நாற்சார் வீட்டில் ஒரு நிறுவலை வைத்தால் நடுமுற்றத்து வெயில் மணிக்கு மணி இடம் மாறும். காலையில் படத்தில் விழும் வெளிச்சம் பின்னேரம் எதிர்ச்சுவருக்குப் போய்விடும். கடற்காற்றின் ஈரத்தில் புகைப்படக் கடதாசி சுருளும், பூஞ்சணம் பிடிக்கும். பேஸ்டலுக்குக் கண்ணாடி போடாவிட்டால் உதிரும். எனவே மெல்லிய துணியில் அச்சிடுவது, கோப்பாகக் கட்டுவது, பெட்டியில் அடைப்பது என்று கலைஞர்கள் போகிறார்கள். பெட்டியும் கோப்பும் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியவை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அது என் ஊகம்தான். ஆனால் 1995ஐக் கண்டவர் செய்யும் படைப்பு தூக்கிக்கொண்டு போகக்கூடியதாக இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

2013இல் யாழ்ப்பாணத்தில் சமகாலக் கலை, கட்டடக்கலை, வடிவமைப்புக்கான இலங்கை ஆவணக்காப்பகம் தொடங்கியது இந்த வரலாற்றில் பெரிய காரியம். கண்காட்சி அழைப்பிதழ், சுவரொட்டி, கையேடு, கட்டுரை என்று கையிலிருந்து நழுவும் தாள்களைச் சேர்த்துவைக்கும் இடம் அது. நூலகம் எரிந்த ஊரில் கலைத் தாள்களைச் சேர்ப்பதற்கு ஒரு அறை. அங்கே போய் ஒரு பின்னேரம் இருந்து பார்க்க வேண்டும் என்று கலை படிக்கும் பிள்ளைகளிடம் நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

வலிகாமம் வடக்கின் மயிலிட்டித் துறைமுகம் 2017இல் 27 ஆண்டுக்குப் பிறகு இராணுவத்திடமிருந்து விடுபட்டபோதும் அந்தத் தோம்பைத்தான் நினைத்தேன். காணிக்குள் போனவர்கள் தங்கள் வீட்டைத் தேடினார்கள். வீடு இல்லை, வேலி இல்லை, ஒழுங்கை எது என்றுகூடத் தெரியாத பற்றைக்காடு. பலர் கிணற்றை வைத்துத்தான் தங்கள் காணியைக் கண்டுபிடித்தார்கள். கிணற்றைக் கண்டதும், அதிலிருந்து இத்தனை அடியில் குசினி, இந்தப் பக்கம் சாமியறை என்று காலால் நடந்து மண்ணில் கோடு இழுத்தார்கள். கடதாசியில் வரைந்ததை இப்போது நிலத்தில் வரைந்தார்கள். பக்கத்தில் நின்ற பேரப்பிள்ளைகள் கைபேசியில் அதைப் படம் எடுத்தார்கள். மண்ணில் இழுத்த கோடும் அதை எடுத்த படமும் இப்போது ஒன்றாக இருக்கின்றன, 30 வருடம் முன்னால் எடுக்காத படத்தின் இடத்தில்.

அம்மப்பாவின் படம் இப்போது என்னிடம் இருக்கிறது. அம்மம்மா போன பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போனபோது கவனித்தேன். அவசரமாகக் கழுவிய படக் கடதாசி வருடக்கணக்கில் மஞ்சளித்து, அம்மப்பாவின் நெற்றியும் கண்ணும் வெளிறிக்கொண்டே போகின்றன. இன்னும் கொஞ்சக் காலத்தில் மூக்கின் நிழல் மட்டும் மிஞ்சும் போலிருக்கிறது. கையால் வரைந்த கோட்டின் கறுப்பு மட்டும் துளியும் மங்கவில்லை. கழுத்துப்பட்டி, பொத்தான், இடது தோளின் மடிப்பு எல்லாம் நேற்று வரைந்தது போல நிற்கின்றன. கண்ணாடியை மறுபடி போடுவதற்கு முன்னால் ஒரு பென்சிலை எடுத்து வைத்திருக்கிறேன். அந்தக் கண்களைத் தொட இன்னும் கை வரவில்லை.